காதில் சொல்லாத பேர்

மலையில் இருக்கிறவர்களுக்குக் கரடி என்றால் பயம், மழைக்காலத்தில் மண் சரிந்தால் பயம். எனக்கு இருப்பது ஒரே பயம். குழந்தை சத்தம் போடாமல் கிடப்பது. ஒடுகத்தூருக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரில் நான் பால்வாடி டீச்சர். எடை பார்க்கக் கொண்டுவரும் குழந்தை காலை உதைத்துக்கொண்டு கத்தினால் எனக்கு வயிறு குளிரும். கத்தாமல் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடந்தால் போச்சு, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. தாய்க்காரியைத் திட்டி ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிட்டுத்தான் மறுவேலை. டீச்சரம்மாவுக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

காரணம் இருக்கிறது. எனக்கு ஒரு பெண் பிறந்தாள். பிறந்தாள், ஆனால் அழவில்லை. முதுகில் தட்டினார்கள், பாதத்தில் சுண்டினார்கள், நர்சுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அறையில் அப்போது இருந்த அமைதியை நான் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு அத்தைதான் பேர் வைக்க வேண்டும். அப்பனோடு பிறந்தவள் குழந்தையை மடியில் போட்டு, வலது காதில் மூன்று தரம் பேரைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பேரை யாரும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. பாப்பா, குட்டி என்றுதான் கூப்பிட வேண்டும். என் நாத்தனார் புதுத்துணி எடுத்துக்கொண்டு அமிர்தியிலிருந்து வந்தவள், ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கையிலிருந்த பையை யாரும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

எனக்கு ஒரு தம்பி. வேலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு எஸ்தோனியா என்ற தேசத்துக்கு வேலைக்குப் போனான். எங்கேடா இருக்கிறது அது என்று கேட்டால், "ரஷ்யா பக்கத்துலக்கா, கடலே உறைஞ்சு போற ஊரு" என்பான். அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டான். போன வருஷம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் அடுத்த தலைமுறை என்று சொல்ல அந்த ஒரு குழந்தைதான். பேரை மட்டும் என்னிடம் சொல்லாதே, ஊருக்கு வந்த பிறகு நான் காதில் சொல்கிறேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அங்கே அவர்கள் அரசாங்கத்தில் பதிந்து, வீட்டில் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அது அவர்கள் ஊர். இங்கே என் வாயிலிருந்து முதலில் வர வேண்டும்.

பொங்கலுக்கு வருகிறோம் என்று தம்பி போன் செய்தான். எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. புளியமரத்துக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி நின்றுதான் பேச வேண்டும்.

"அக்கா, இப்பவாச்சும் பேரைக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கோ. அப்புறம் காதுல தப்பா சொல்லிடப் போற."

"சொல்றா பெரிய மனுசா. இன்னா பேரு?"

"வைக்கே."

"இன்னா அர்த்தம்?"

"அமைதிக்கா. சத்தமே இல்லாம கம்முனு இருக்குமே, அது."

நான் பதில் பேசாததால் சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அவன் "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டே இருந்தான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறது! என் தம்பி பெண்ணின் காதில், அதுவும் என் வாயால், சத்தமில்லாமல் போ என்று மூன்று தரம் சொல்ல வேண்டுமா?

வந்தார்கள். தம்பி பெண்டாட்டி நல்ல உயரம், சோளக்கொண்டை நிறத்தில் முடி. ஊரே வந்து பார்த்தது. அவள் எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து சிரித்தாள். நாலு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டு வந்திருந்தாள், அதையும் மெல்லமாகத்தான் பேசினாள். குரல் உயர்ந்து நான் பார்க்கவே இல்லை. குழந்தையோ நேர் எதிர். ஐந்து மாதக் குழந்தை, பசித்தால் ஓட்டுக்கூரை அதிரும். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதுவும் ஒரு நாளைக்குத்தான். மறுநாள் காலையில் பனி மூட்டம் விலகவில்லை, இவள் குழந்தையைத் துணியில் சுற்றிக் கூடையில் போட்டு, வாசலுக்கு வெளியே பலாமரத்தடியில் தூங்க வைத்துவிட்டு உள்ளே வந்து காபி குடிக்கிறாள்.

"அடிப்பாவி! பனியில குழந்தைய போட்டுட்டு வந்து குந்தினுகீறியே!" என்று ஓடினேன்.

தம்பி சிரித்தான். "அங்க எல்லாரும் இப்டித்தான்க்கா தூங்க வைப்பாங்க. பனி கொட்டும்போது கூட வெளியிலதான்."

"நல்ல காத்து, அக்கா" என்றாள் அவள்.

நல்ல காற்றாம். நான் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அரைக்கீரை ஆய்ந்தேன், சாமை புடைத்தேன், நிமிஷத்துக்கு ஒரு தரம் குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். சூடான மூச்சு விரலில் பட்டால் மறுபடியும் முறத்தை எடுப்பேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டியைத் துடைத்துக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாயந்திரம் குழந்தையின் கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினேன். அதில் கோத்திருந்த உலர்ந்த வேர்த்துண்டை அவள் தொட்டுப் பார்த்தாள்.

"இது பேர், அக்கா?"

"பேர் சொல்லாதது."

"இல்லை, இது... பேர்?"

"அதாம்மா பேரு. பேர் சொல்லாதது."

வசம்பு என்று கடையில் எழுதி வைத்திருப்பான், அது கடைக்காரனுக்கு. குழந்தை இருக்கிற வீட்டில் அந்தப் பேரைச் சொன்னால் அதன் காவல் போய்விடும் என்பார்கள். இழைத்து வாயில் ஊற்றுகிறவர்களைக் கண்டால் பால்வாடி டீச்சராக நான் உதைக்கப் போவேன், கையில் கட்டுவதற்கு மட்டும் ஒத்துக்கொள்வேன். தம்பி அதையும், நான் காதில் சொல்கிற வரைக்கும் குழந்தையின் பேரைச் சொல்லக் கூடாது என்பதையும் அவளுக்கு அவர்கள் பேச்சில் விளக்கினான். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளும் குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டாள். பிறந்த நாளிலிருந்து கேட்ட பேரை அந்தக் குழந்தை அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு தரம் கூடக் கேட்கவில்லை.

எனக்கு மனசு கேட்காமல் அவளையே கேட்டுவிட்டேன். ஏம்மா, உங்க ஊர்ல வேற பேரே கிடைக்கலையா?

அவள் நிதானமாகச் சொல்ல, தம்பி தமிழில் சொன்னான். அவர்கள் ஊரில் ஒரு காலத்தில் ஆண்டவன் பேரும் ஆட்சி செய்தவன் பேருமாகத்தான் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டிருந்தார்களாம், எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. அப்புறம் ஒரு தலைமுறைக்கு ரோஷம் வந்தது. நம் பாஷையில் இல்லாத பேரா என்று, தினமும் பேசுகிற வார்த்தைகளையே எடுத்துப் பெண் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். லேஹ்தே என்றால் இலை. லைனே என்றால் அலை. அமைதியாக இருப்பதற்கு அவர்கள் பாஷையில் வைக்னே, அதிலிருந்து வந்ததுதான் குழந்தையின் பேர். இவளுக்குச் சின்ன வயதிலேயே பெற்றவள் போய்விட, இவளை எடுத்து வளர்த்த பெரியம்மாவின் பேர் அது.

"பேர் மட்டும்தான்க்கா அமைதி. அந்தப் பெரியம்மாவுக்கு வாய் ஓயாதாம், உன்ன மாதிரியே" என்றான் தம்பி.

"அலைன்னு வெச்சிருக்கலாம்லடா. இலைன்னு வெச்சிருக்கலாம்."

என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து, "வைகைன்னு வெச்சுட்டா பஞ்சாயத்து தீர்ந்துது" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அது ஆறு, என் பெரியம்மா இல்லை என்றாள்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொன்னாள், தம்பி அதைத் தமிழில் சொன்னான். காற்றில்லாத நாளில் ஏரி அசையாமல் இருக்குமே, அதுதான் அந்தப் பேர். பனி விழும்போது வெளியே கேட்குமே, அது. இரண்டு பேர் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ஒருத்தரை ஒருத்தர் நம்புகிறார்கள் என்று அர்த்தமாம் அவர்கள் ஊரில். எங்கள் ஊரில் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் வரப்புச் சண்டை என்று அர்த்தம். சத்தமில்லாத வீடு என்று ஒன்று எங்களிடம் கிடையவே கிடையாது, இழவு வீட்டில் கூட மேளம் உண்டு. நான் கையை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவளிடம் என் பெண்ணைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் தள்ளிப் போட்டேன். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றேன். கரிநாள் என்றேன். காளி கோயில் பூசாரி ஊரில் இல்லை என்றேன், அவர் எங்கள் வாசல் வழியாகவே மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். எப்போ டீச்சரம்மா பேர் வைக்கிறீங்க, பேருக்கு இன்னா அர்த்தம் என்று கேட்டவர்களிடம், அந்த ஊர்ப் பூ இன்னாமோ, எனக்கு இன்னா தெரியும் என்று கூசாமல் சொன்னேன். அர்த்தத்தைச் சொன்னால் ஊரும் அந்தக் குழந்தையை நான் பார்க்கிற மாதிரியே பார்க்க ஆரம்பித்துவிடும்.

"எத்தினி நாளைக்கு இப்டி ஓட்டுவ?" என்றார் வீட்டுக்காரர்.

"அவங்க ஊருக்குப் போற வரைக்கும்."

தம்பி கூட்டாளிகளைப் பார்க்க வேலூருக்குப் போன அன்றைக்குத்தான் அது நடந்தது. விடியும்போதே குழந்தை பாலைக் கக்கியது. அப்புறம் வயிற்றால் போனது, நின்றால்தானே? உப்புச் சர்க்கரைத் தண்ணீர் பாக்கெட்டை நான்தான் ஊருக்கெல்லாம் கொடுக்கிறேன். கரைத்துச் சங்கில் ஊற்றினால் அதுவும் வெளியே வந்தது. உடம்பு கொதித்தது. முதலில் கத்தியது, பிறகு சிணுங்கியது, அப்புறம் அதுவும் இல்லை. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. நான் கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை.

எத்தனையோ குழந்தைகளை இப்படிப் பார்த்து, தாய்மார்களைத் திட்டித் துரத்தியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கை கால் ஓடவில்லை. "வண்டி! வண்டிய எடுங்க!" என்று கத்தியதுதான் தெரியும். வீட்டுக்காரர் ஏற்றியிருந்த புளி மூட்டைகளை வாசலிலேயே தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினார். முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். குழந்தை அவள் மடியில். பகல்தான், ஆனால் பனி இறங்கி முன்னால் நாலடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே வளைவு வளைவாக இறக்கினார்.

அவள் அழுதாள், சத்தமில்லாமல். கண்ணீர் மட்டும் குழந்தையின் போர்வையில் விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. வாயை விட்டு அழுது தொலையேன் என்று சொல்லத் தோன்றியது. அந்த வண்டிக்குள் இருந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. ஆஸ்பத்திரி அறையில் கேட்ட அதே அமைதி.

பாதி வழியில் ஒரு வளைவில் போனில் சிக்னல் விழுந்தது. எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மா ஒடுகத்தூரில்தான் இருக்கிறாள். அவளுக்குப் போட்டேன்.

"கண்ணு தொறக்குதா டீச்சரம்மா?"

"தொறக்கல சிஸ்டர். கம்முனு கிடக்குது. எனக்குப் பயமா கீது சிஸ்டர்."

"மூச்சு வருதுல்ல? அப்ப தூங்க வுடாதீங்க. உள்ளங்கால தேய்ங்க. பேர் சொல்லிக் கூப்டுக்கினே வாங்க, வுடாம கூப்டுங்க. அதுக்குப் பழகின பேர்தான் காதுல ஏறும். நான் டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

போனை மடியில் போட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். "கூப்டும்மா. பேர் சொல்லிக் கூப்டு. பேர்!" என்று குழந்தையைக் காட்டினேன்.

அவளுக்குப் புரிந்தது. வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், குழந்தையின் கையில் நான் கட்டிய கயிற்றைப் பார்த்தாள்.

"அக்கா... நீங்க முதல்ல. காது."

பெற்ற குழந்தை கண் திறக்காமல் கிடக்கிறது, இந்தப் பெண் என் வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்லாமல் தான் சொன்னால் குழந்தைக்கு ஆகாது என்று நம்பிவிட்டாள். நம்பவைத்தவள் நான்.

குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். "பாப்பா. குட்டி. தங்கம். என் கண்ணு, பாருடி அத்தைய" என்றேன். ஒன்றும் இல்லை. அதற்கு அந்த வார்த்தைகள் யார் யாரோ சொன்ன வார்த்தைகள். தலை என் முழங்கை மேல் தொங்கியது. வேறு வழியில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் என் நாக்கு புரளவில்லை. சத்தமில்லாமல் கிடக்கிற குழந்தையின் காதில், சத்தமில்லாதவளே என்று எப்படிச் சொல்வது? சொல்லி, அது அப்படியே ஆகிவிட்டால்? தாயே, காளி, நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நீ கேட்டுக்கொண்டிரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வலது காதில் வாயை வைத்தேன். "வைக்கே."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. வண்டி ஒரு வளைவில் சாய்ந்தது, நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். "வைக்கே" என்றேன் மறுபடியும். கண்ணிமை அசைந்ததா, வண்டி குலுக்கியதா, தெரியவில்லை. மூன்றாவது தரம் நான் சொல்லவில்லை, அலறினேன். "வைக்கே!" அவர் பயந்து பிரேக் போட்டுவிட்டார்.

"நீங்க ஓட்டுங்க! ஹாரன வுடாதீங்க!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன்.

என் வாய் மூடியதும் அவள் வாய் திறந்தது. அந்த மெல்லிய பெண்ணுக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது என்று எனக்குத் தெரியாது. "வைக்கே! வைக்கே!" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். அவள் ஒரு கால், நான் ஒரு கால் என்று உள்ளங்காலைத் தேய்த்தோம். பனிக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டி இறங்க, உள்ளே இரண்டு பேர் அமைதி, அமைதி என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம். வழியில் யாராவது கேட்டிருந்தால் பேய் பிடித்தவர்கள் என்று ஓடியிருப்பார்கள்.

குழந்தை கண்ணைத் திறந்தது. நேராக அவளைப் பார்த்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. சத்தம் வரவில்லை. இன்னும் வரவில்லை. நான் மூச்சை விடவில்லை. பிறகு பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. "அப்டித்தான்டி, அப்டித்தான்" என்றேன். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். குழந்தை மறுபடியும் முனகியது. அவள் கூப்பிட, அது முனக, ஒடுகத்தூர் வரைக்கும் அப்படியே வந்து சேர்ந்தோம். அந்த முனகல் நின்று நின்று வந்தபோதெல்லாம் நான் எத்தனை சாமிக்கு நேர்ந்துகொண்டேன் என்று கணக்கில்லை.

ஆஸ்பத்திரியில் தயாராக இருந்தார்கள். வாங்கிக்கொண்டு போய் ஊசி குத்தி பாட்டில் ஏற்றினார்கள். நல்ல நேரத்துக்கு வந்தீர்கள், உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார் டாக்டர். நானும் அவளும் வராண்டா பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பேச எங்களுக்குப் பொதுவாகப் பாஷையும் இல்லை, தொண்டையும் இல்லை. அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். என் பெண்ணைப் பற்றி அப்போது அவளிடம் சொன்னேன், தமிழில்தான். எவ்வளவு புரிந்ததோ. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தம்பி வேலூரிலிருந்து ஓடி வந்து சேர்வதற்குள் சாயந்திரம் ஆகிவிட்டது. அதற்குள் பாட்டில் பாதி ஏறியிருந்தது. குழந்தை கையில் குத்தின ஊசியைப் பார்த்தது, சுற்றி நிற்கிற முகங்களைப் பார்த்தது, ஆரம்பித்தது. அப்படி ஒரு கத்தல்! வார்டில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் எழுந்துகொண்டன. வராண்டாவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் பேரனைப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"அய்ய, இன்னா தொண்டைம்மா இது! இன்னா பேரு பாப்பாவுக்கு?"

"வைக்கே."

"அப்டீன்னா?"

ஊரில் எத்தனை பேர் கேட்டும் நான் சொல்லாத பதில். இந்த முறை என் வாய் தானாகச் சொன்னது.

"அமைதின்னு அர்த்தங்க. அவங்கம்மா ஊரு பேரு."

அந்த அம்மாள் காதிலிருந்து கையை எடுத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நர்சு சிரித்தாள், தம்பி சிரித்தான், தம்பி பெண்டாட்டிக்கு அவன் சொல்ல அவளும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், அது அழுகையாகி நிற்காமல் போனது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குழந்தையின் வலது காதுக்குக் குனிந்தேன்.

"கத்துடி என் தங்கமே. வைக்கே, நல்லாக் கத்து."